கட்டைவிரலுக்குச் சான்றிதழ் இல்லை

புற்றுநோயை எதிர்த்து மனிதகுலம் நடத்திவரும் மாபெரும் போரில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சேர்ந்த விஷ்ருதா எலாஸ்டோ பிரைவேட் லிமிடெட் ஆற்றிய பங்கை வரலாறு இன்னும் சரியாகப் பதிவு செய்யவில்லை. பதிவு செய்திருக்கக் கூடியவர் ஒரே ஒருவர்தான். நிறுவனத்தின் நலத்துறை அலுவலர் தணிகாசலம். ஆனால் அவர் தற்பெருமை பேசும் ரகம் அல்ல. கூட்டங்களின் மினிட்ஸ் மட்டும்தான் எழுதுவார்.

தணிகாசலம் காலையில் திருநின்றவூரில் ரயிலேறி, நடுவில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்குவதற்குள் அன்றைய கூட்டங்களுக்கான அஜெண்டாவை மனதுக்குள் போட்டு முடித்திருப்பார். கூட்டம் இல்லாத நாள் அவருக்கு உப்பில்லாத சாப்பாடு. கேன்டீன் சாம்பாரில் பல்லி விழுந்தபோது ஏழு பேர் கமிட்டி போட்டு, நாற்பது நாள் விசாரித்து, ‘பல்லி வெளியிலிருந்து வந்தது’ என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.

விஷ்ருதா எலாஸ்டோ தயாரிப்பது லாரிக்கும் காருக்கும் போகும், அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ். அது மெத்தென்றும் இருக்கக் கூடாது, கல்லாகவும் இருக்கக் கூடாது. கெட்டித்தன்மை அளக்கும் மீட்டரை வைத்து அழுத்தினால் முள் அறுபதில் நிற்க வேண்டும். ஒவ்வொரு புஷ்ஷையும் மீட்டரில் வைத்துப் பார்க்க நேரம் ஏது? அதற்காகத்தான் ஆய்வு மேசையில் கன்னியம்மா இருந்தாள். குப்புராஜ் என்ற லேபர் கான்ட்ராக்டர் மூலமாகத் ‘தற்காலிகமாக’ வந்தவள். வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாள். சரியென்றால் பச்சை ட்ரே, கெட்டியென்றால் சிவப்பு ட்ரே. பதினோரு வருஷத்தில் மூன்றே முறைதான் அவள் விரலும் மீட்டரும் வேறு வேறு கணக்குச் சொல்லின. மூன்று முறையும் ரிப்பேருக்குப் போனது மீட்டர்தான்.

2007 மார்ச்சில் பாதுகாப்பு தின விழா வந்தது. வழக்கமாக ஒரு வாளியில் தீ மூட்டி அதை அணைத்துக் காட்டுவார்கள், பிறகு மிக்சரும் ஜாங்கிரியும். அந்த வருஷம் பொது மேலாளர் ரகுராமன் விமானத்தில் ஏதோ ஒரு பத்திரிகையைப் புரட்டியிருந்தார். “கேன்சர் பத்தி யாரையாவது கூப்பிடுங்க தணிகாசலம். லேட்டஸ்டா இருக்கணும்” என்றார். அப்படித்தான் டாக்டர் உமைரா வந்தார். பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி ஷாஹுல் ஹமீதின் மகள். சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

உமைரா எளிமையாகப் பேசினார். “நம்ம உடம்புல இருக்கற செல்லுக்குக் கண்ணு கிடையாது, காது கிடையாது. அது தன்னைச் சுத்தி இருக்கறதைப் பிடிச்சு இழுத்துப் பார்க்கும். சுத்தி இருக்கறது எவ்வளவு மெத்துன்னு இருக்கு, எவ்வளவு கெட்டியா இருக்குன்னு அதுக்குத் தெரியும். அளவுக்கு மீறிக் கெட்டியானா செல்லும் விறைச்சுக்கும். வெளியில பட்ட அழுத்தம் உள்ள செய்தியாப் போகும். ‘பெருகு, பெருகு’ங்கற செய்தி. அது பெருகப் பெருக, சுத்தி இருக்கற இடம் இன்னும் கெட்டியாகும். கெட்டியாக ஆக, செய்தி இன்னும் பலமாப் போகும். கேன்சர்ல இதுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சிட்டு வர்றாங்க. இன்னும் தெரியாதது நிறைய இருக்கு. ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்றேன். கைக்குத் தட்டுப்படற கட்டியை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க.”

கைதட்டல் ஓய்ந்ததும் ரகுராமன் எழுந்தார். “மேடம், செல்லுக்கு மெத்துன்னு இடம் வேணும்னு சொன்னீங்க. அப்ப ஆபீசர்ஸ் நாற்காலிக்கு ரப்பர் குஷன் போட்டா நல்லதுதானே?”

“இல்ல சார். நான் சொன்னது உடம்புக்குள்ள இருக்கற சதையை. நாற்காலிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.”

தணிகாசலம் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்: ‘நாற்காலி குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது.’

கூட்டம் கலைந்து எல்லோரும் ஜாங்கிரி பக்கம் ஓடியபோது, கன்னியம்மா மட்டும் மேடைப் பக்கம் வந்தாள். தணிகாசலம் உமைராவுக்குப் போர்த்திய சால்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சொன்னது எனக்கு நல்லா புரிஞ்சிச்சு மேடம். நான் பாக்கறதும் அந்த வேலதான்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இங்க மார்ல, இடது பக்கம் ஒண்ணு கீது. சுத்தியும் அமுக்கினா இருபதுகூட இல்ல. நடுவுல மட்டும் எண்பது. கோலி குண்டு சைசு. வலியே இல்ல.”

உமைராவின் முகம் மாறியது. “எவ்வளவு நாளாக்கா?”

“பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து.”

“அக்கா, நான் ஆராய்ச்சி பண்றவ. வைத்தியம் பார்க்கற டாக்டர் இல்லை. ஆனா நீங்க இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க.”

“இ.எஸ்.ஐ.க்குப் போனேன் மேடம். கார்டு எங்கன்னு கேக்கறாங்க. குப்புராஜ் இதோ தரேன், அதோ தரேன்னு சொல்லிக்கினே கீறாரு. கம்பெனிலேர்ந்து ‘இந்தம்மா இங்கதான் வேல செய்யுது’ன்னு ஒரு வரி எழுதி, சீல் போட்டு வாங்கியாந்தா போதும்ன்றாங்க. ஆப்பரேசன், மருந்து, படுத்துக்கினா பாதிச் சம்பளம், அல்லாம் கெடைக்குமாம்.”

அந்த ஒரு வரி இல்லாமல் பெரியாஸ்பத்திரிக்கும் போகலாம்தான். ஆனால் அங்கே டெஸ்ட்டு, வரிசை, நாளைக்கு வா என்று நாட்கள் ஓடும். குப்புராஜின் சட்டப்படி சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராதவர் பெயர் பட்டியலில் இருக்காது. வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் மகள் செல்வி. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கன்னியம்மாவின் கட்டைவிரலில்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது.

உமைரா தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். “சார், ஒரு வரிதானே? இன்னைக்கே குடுத்துடுங்க.”

“கண்டிப்பா மேடம்” என்றார் தணிகாசலம் உருக்கமாக. “இன்னைக்கே கமிட்டி போட்டுடறேன்.”

சொன்ன சொல் தவறாதவர். மாலை ஐந்து மணிக்குள் ‘உயிரணு நல்வாழ்வு மற்றும் மென்மை மேம்பாட்டுக் குழு’ உருவாகிவிட்டது. உறுப்பினர்கள் ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். எல்லோருக்கும் தாய் உண்டு, மனைவி உண்டு. ஆனாலும் கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை உரக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் பேனா மூடியைக் கடித்தார். கடைசியில் தணிகாசலத்தின் அனுபவம் கைகொடுத்தது. ‘மேற்படி ஊழியரின் மேற்படி இடத்தில்’ என்று எழுதினார். ரகுராமன் எட்டிப் பார்த்து, “ஊழியர்னு போடாதீங்க, நபர்னு போடுங்க” என்றார். எவ்வளவு நுணுக்கமான மொழியுணர்வு என்று தணிகாசலம் வியந்தார்.

தரக்கட்டுப்பாட்டு மேலாளர் தானியேல் தொண்டையைக் கனைத்தார். “எண்பதுன்னு அளந்தது யாரு?”

“கன்னியம்மாதான். கட்டைவிரல் வச்சுப் பார்த்திருக்கா.”

“கட்டைவிரலுக்குக் காலிபரேஷன் சர்டிஃபிகேட் இருக்கா?”

தணிகாசலம் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“போன ஐ.எஸ்.ஓ. ஆடிட்லயே சொல்லிட்டாங்க சார். அளக்கற கருவி எதுவா இருந்தாலும் சர்டிஃபிகேட் வேணும். இல்லேன்னா அந்த ரீடிங் செல்லாது.”

“பதினோரு வருஷமா அந்த விரலை நம்பித்தானே புஷ் அனுப்பறோம்?” என்று தணிகாசலம் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்.

“அது புரொடக்‌ஷன் சார். இது மெடிக்கல்.”

நியாயம்தானே? விரலுக்குச் சான்றிதழ் கிடைக்கும்வரை கடிதத்தை நிறுத்திவைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அம்பத்தூரில் உள்ள ஒரு அளவீட்டுக் கூடத்துக்கு அன்றே தபால் போனது. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ‘கருவியைத் தனியாகக் கழற்றி, பஞ்சு சுற்றி, பார்சலில் அனுப்பிவைக்கவும்.’

“கழற்ற வராதுன்னு எழுதிடலாமா?” என்று தணிகாசலம் கேட்டார்.

“அவசரப்படாதீங்க. அடுத்த மீட்டிங்ல வைங்க” என்றார் ரகுராமன்.

கன்னியம்மா திங்கட்கிழமைதோறும் முதல் ஷிப்ட் முடிந்ததும் அலுவலக வாசலில் வந்து நிற்பாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

“சார், அந்தக் காயிதம்...”

“கன்னியம்மா, உன் விஷயம் எந்த லெவல்ல இருக்கு தெரியுமா? ஜி.எம். லெவல்! இந்தக் கம்பெனில எந்த லேபர் விஷயமும் இவ்ளோ உயரம் போனதில்ல.”

“நான் ஆஸ்பத்திரி லெவலுக்குப் போவணும் சார்.”

“போகலாம்மா. முறைப்படி போகலாம். இப்ப எவ்வளவு இருக்கு?”

“எண்பத்தஞ்சு. பெருசாவுது சார். போன மாசம் கோலி குண்டு. இப்ப எலுமிச்சங்கா.”

தணிகாசலம் பொறுப்பாகக் குறித்துக்கொள்வார்: ‘எண்பத்தைந்து (சான்றளிக்கப்படாதது).’

இரண்டாவது கூட்டத்தில் ஜப்பான்காரர்களின் ‘ஐந்து ஏன்’ முறை கையாளப்பட்டது. எந்தக் கோளாறானாலும் ஐந்து முறை ஏன், ஏன் என்று கேட்டால் அடிப்படைக் காரணம் தானாக வந்து விழும் என்பது முறை. தானியேல் பலகையில் எழுதினார். ஏன் கட்டி வந்தது? செல் பெருகியதால். ஏன் செல் பெருகியது? சுற்றியிருப்பது கெட்டியானதால். ஏன் கெட்டியானது? கட்டி வந்ததால். ஏன் கட்டி வந்தது? செல் பெருகியதால். ஏன் செல் பெருகியது?

தானியேல் பலகையைச் சற்று தள்ளி நின்று பார்த்தார். “சுத்திச் சுத்தி அங்கேயே வருது சார்.”

“ஐந்து ஏன் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார்.”

“அப்ப ஆறாவது கேட்க நமக்கு அதிகாரம் இல்லை” என்று ரகுராமன் கூட்டத்தை முடித்தார்.

கண்ணுக்கே தெரியாத செல், தன்மேல் பட்ட அழுத்தத்தை உள்ளே தெரிவிக்க நாழிகைக் கணக்கில் காத்திருப்பதில்லை. பாவம், அதற்கு நிர்வாகம் தெரியாது. விஷ்ருதா எலாஸ்டோவில் ஆய்வு மேசையிலிருந்து அலுவலக அறை முப்பது அடி. அந்த முப்பது அடியைக் கடக்க ஒரு செய்திக்கு மார்ச், ஏப்ரல், மே என மூன்று மாதம் கொடுக்கப்பட்டது. அவ்வளவு நிதானம் இருந்தால் எந்தச் செல்லும் கெட்டுப்போகாது.

இதற்கிடையில் குழு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக யாரும் நினைக்கக் கூடாது. மூன்றாவது கூட்டத்தில் ‘மென்மைத் திட்டம்’ பிறந்தது. அதிகாரிகளின் நாற்காலிகள் அனைத்துக்கும் முப்பது அளவுள்ள மெத்தென்ற ரப்பர் குஷன். தொழிலாளர்களின் மர ஸ்டூல்கள் ‘இரண்டாம் கட்டம்’. சூப்பர்வைசர்கள் இனி யாரையும் கத்தித் திட்டக் கூடாது, காதோரம் வந்து திட்ட வேண்டும். கேன்டீன் இட்லிக்கும் மென்மை வரையறை விதிக்கப்பட்டது. சுவரெல்லாம் பச்சை எழுத்தில் போஸ்டர்: ‘மென்மையே நன்மை.’ அந்தப் போஸ்டரை ஒட்ட ஆள் குறைந்ததால் கன்னியம்மாவையும் கூப்பிட்டார்கள். இடது கையைத் தூக்கினால் சுருக்கென்கிறது என்று அவள் வலது கையாலேயே ஒட்டினாள்.

நான்காவது கூட்டம் முடிந்து மற்றவர்கள் எழுந்து போனதும், ரகுராமன் தணிகாசலத்தை இருக்கச் சொன்னார். மென்மைத் திட்டம் அமலில் இருந்ததால் மென்மையாகவே பேசினார்.

“வக்கீல்கிட்ட கேட்டேன். நம்ம லெட்டர்ஹெட்ல ‘இவங்க இங்க வேலை செய்யறாங்க’ன்னு ஒரு வரி வெளியில போச்சுன்னா, நாளைக்கே பர்மனன்ட் பண்ணுன்னு கோர்ட்டுக்குப் போவாங்க. பதினோரு வருஷம் வேற. அவங்க பின்னாடி இன்னும் நூத்தி நாப்பது கான்ட்ராக்ட் ஆளுங்க நிப்பாங்க.”

“சார், ஆனா அந்தம்மாவுக்கு உடம்பு...”

“நான் குடுக்காதேன்னு சொன்னேனா? கமிட்டி நல்லாப் போயிட்டிருக்கு. அது பாட்டுக்குப் போகட்டும்.”

இத்தனை நாள் தான் எழுதிய மினிட்ஸ் எல்லாம் எதற்காக என்று அப்போதுதான் தணிகாசலத்துக்கு விளங்கியது. அன்று மாலை ரயிலில் உட்கார இடம் இருந்தும் மீஞ்சூர் வரை நின்றுகொண்டே வந்தார். அந்த ஒரு வரியைத் தானே எழுதி, தானே சீல் குத்தி, யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தார். மறுநாள் காலை அலுவலகம் வந்து குஷன் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தாவது நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது. மென்மைத் திட்டத்தால் பயனில்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை கன்னியம்மா காகிதம் கேட்கவில்லை.

“அக்குள்ளயும் ஒண்ணு வந்துடுச்சு சார்” என்றாள். “நான் பெரியாஸ்பத்திரிக்கே போறேன். குப்புராஜாண்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. பேரை அடிக்க வேணாம்னு சொல்லுங்க.”

“சொல்றேம்மா. நீ தைரியமாப் போ.”

தணிகாசலம் சொல்லத்தான் நினைத்தார். அன்று தீயணைப்புக் கருவிக் குழுக் கூட்டம் இருந்தது. நாலாம் நாள் காலை குப்புராஜ் பட்டியலில் சிவப்புக் கோடு போட்டார். “பதினோரு வருசத்துல ஒரு நாளுகூட லீவு போடாத பொம்பள சார். இன்னா பேஜாரு பாருங்க” என்று வருத்தப்பட்டுக்கொண்டேதான் போட்டார். ஆய்வு மேசைக்குப் புதுப் பெண் வந்தாள். அந்த மாதம் இரண்டு லாரி புஷ் திரும்பி வந்தது. அதற்கு ஒரு கமிட்டி போட்டார்கள்.

ஜூலையில் விஷ்ருதா எலாஸ்டோவின் உழைப்புக்குப் பலன் கிடைக்கும் வேளை வந்தது. ‘வடக்கு வட்டாரத் தொழிலக நல்வாழ்வுப் பேரவை’ வருஷா வருஷம் கொடுக்கும் கேடயத்துக்கு மென்மைத் திட்டம் தேர்வுப் பட்டியலில் ஏறியிருந்தது. நடுவர்கள் வியாழக்கிழமை வருவதாக இருந்தார்கள். விண்ணப்பத்தில் பதினான்கு கட்டங்களைத் தணிகாசலம் அழகாக நிரப்பிவிட்டார். பதினைந்தாவது கட்டத்தில் பேனா நின்றது. ‘ஊழியர்களில் புற்றுநோய் கண்டவர்கள் எத்தனை பேர்?’

செவ்வாய்க்கிழமை காலை செல்வி கேட்டில் வந்து நின்றாள். பள்ளிச் சீருடையில் இருந்தாள். கையில் உமைரா எழுதிக் கொடுத்த கடிதம். கன்னியம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அக்குளுக்குப் பரவிவிட்டதால் இனி மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும், அதற்காகவாவது இ.எஸ்.ஐ. கிடைக்க வேண்டும், ஆகவே கன்னியம்மா உங்களிடம் வேலை செய்தாரா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும் என்று உமைரா கேட்டிருந்தார்.

நிர்வாகம் எவ்வளவு வேகமாகச் செயல்பட முடியும் என்பதை அன்றுதான் தணிகாசலம் கண்ணால் கண்டார். கூட்டம் இல்லை. அஜெண்டா இல்லை. ஐந்து உறுப்பினர்களும் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள். சீல் குத்தி, உறையில் போட்டு ஒட்டும்போது கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிஷம். பதினைந்தாவது கட்டத்தில் பூஜ்யம் விழுந்தது.

வியாழக்கிழமை நடுவர்கள் வரும்போது அந்தப் பெண் மறுபடி கேட்டில் வந்து நின்றால் நன்றாக இருக்காது என்பதால், கடிதத்தை நேரில் சேர்க்கும் பொறுப்பு தணிகாசலத்திடம் வந்தது. அவரும் மனசாட்சி உள்ளவர். சொந்தக் காசில் ஆறு ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு புதன்கிழமை மாலை பெரியாஸ்பத்திரிக்குப் போனார்.

கன்னியம்மா சுவரோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“வாங்க சார். இம்மா தூரம் வந்துகிறீங்களே. செல்வி, சாருக்கு ஸ்டூலு போடு.”

“இருக்கட்டும்மா. கம்பெனி லெட்டர் கொண்டுவந்திருக்கேன்” என்று உறையை நீட்டினார்.

கன்னியம்மாவின் முகம் மலர்ந்ததை அவர் பார்த்துத்தான் தொலைக்க வேண்டியிருந்தது. “பாத்தியாடி? சார் குடுக்காம உடமாட்டாருன்னு சொன்னனா இல்லியா? படி.”

செல்வி உறையைப் பிரித்துப் படித்தாள். “கன்னியம்மா என்ற நபர் எங்கள் நிறுவனத்தில் எக்காலத்திலும் பணிபுரிந்ததில்லை.” தாளின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

“அப்புறம்?”

“அவ்ளோதாம்மா. ஒரே வரிதான். கீழ அஞ்சு கையெழுத்து. சீலு.”

பக்கத்துக் கட்டில்காரி பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கன்னியம்மா அழுவாள், அல்லது ஏசுவாள் என்று தணிகாசலம் எதிர்பார்த்தார். இரண்டுக்கும் ரயிலிலேயே ஆறுதல் வார்த்தைகள் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. காகிதத்தை மகளிடமிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள்.

“நாலு மாசமா நடந்தனே சார். பாவம், ஆபீசருங்களுக்கு எழுத வராது போல, நாமதான் தெரியாம தொந்தரவு குடுத்துக்கினு கீறோம்னு நெனைச்சேன்” என்றாள். “இன்னா அழகா எழுதிகிறீங்க!”

யார் பாராட்டினாலும் உடனே பதில் மரியாதை செய்து பழகிய வாய். “தேங்க்ஸ்மா” என்றார் தணிகாசலம்.